புது உருண்டை சேர்த்த இடம்

மேசைமேல் பெரிய கத்தரிக்கோல் ஏறிவிட்டால் அந்த வீட்டில் பேச்சு நின்றுவிடும். இருபத்தாறு வருஷமாக அப்படித்தான். அவள் பின்னுவாள், அவள் புருஷன் டெய்லர், அவர் வெட்டுவார். அவர் வெட்டும்போது அவள் அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கழுவிய பாத்திரத்தையே இன்னொரு தரம் கழுவிக்கொண்டிருப்பாள். மாதக்கணக்கில் கண்ணி கண்ணியாகப் பின்னிய கம்பளியைக் கத்தரி கடிக்கிற சத்தம் தன் காதில் விழக் கூடாது, அவ்வளவுதான். முடிந்ததும் "ம், வா" என்று அவர் குரல் கொடுப்பார். அதற்கப்புறம்தான் அவளுக்கு மூச்சு வரும்.

தெரியாதவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத்தான் படும். ஜாக்கெட் என்றால் முன்பக்கம் திறந்திருக்க வேண்டும், திறந்தபடியே பின்னிவிட்டுப் போவதுதானே என்பார்கள். சொல்வது சுலபம். இரண்டு நிற நூலை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு கட்டம் போட்டுப் பின்னுகிறவளுக்கு முகப்பு எப்போதும் தன்னைப் பார்த்தே இருக்க வேண்டும். அதனால் தலையணை உறை மாதிரி வட்டமாகச் சுற்றிச் சுற்றி மேலே கொண்டுபோவாள். நடு மார்பிலும், கை வைக்கிற இரண்டு இடத்திலும், வெட்டுவதற்கென்றே பத்துப் பத்துக் கண்ணி கூடுதலாக விட்டிருப்பாள். கடைசியில் அந்தப் பட்டைகளில் மிஷின் தையல் ஓட்டி, தையலுக்கு நடுவே கத்தரியை விட வேண்டும். மொத்தம் மூன்று வெட்டு. ஒன்று கோணினாலும் நாலு மாச உழைப்பு நூலாகக் கையோடு வந்துவிடும்.

இந்தத் தடவை ஜாக்கெட் பெரிய டீச்சருக்கு. மேட்டுத் தெருப் பள்ளிக்கூடத்தில் முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளை விரட்டியவர், சனிக்கிழமை காலையோடு வீட்டுக்குப் போகிறார். வழியனுப்பு விழாவுக்குப் போட்டுக்கொள்ள ஒன்று வேண்டும் என்று கோடை முடிகிற சமயத்திலேயே சொல்லிவிட்டார். எப்போதோ விழுந்ததில் அவருக்கு இடது தோள் ஒரு விரற்கடை இறங்கியிருக்கும்.

"கடையில வாங்கினா எனக்கு ஒரு பக்கம் நிக்குது, ஒரு பக்கம் பஸ்ஸுக்கு ஓடுது. உங்க வீட்டுக்காரர் அளவெடுத்து, நீ பின்னி, எனக்கு ரெண்டு தோளையும் ஒண்ணாக்கிக் குடுங்க. பூவெல்லாம் வேண்டாம்மா, இந்த வயசுல. கட்டம் போடு."

கருநீலத்தில் சாம்பல் கட்டம், விளிம்பில் மட்டும் செங்கல் நிறம். இடுப்பில் ஒடுங்கி, மார்பில் விரிந்து, காலர் மடிகிற ஜாக்கெட். அளவெடுத்த அன்று டெய்லர் பெரிய டீச்சரை நாலு தரம் திரும்ப வைத்தார். "என்னையே திருப்பின ஒரே ஆள் நீங்கதான்" என்று டீச்சர் சிரித்தார். அன்றைக்கு டெய்லரின் கை நன்றாகத்தான் இருந்தது.

அல்லது அவளுக்குத்தான் தெரியவில்லையோ என்னவோ.

அவள் அதைப் பார்த்தது கல்மழை பெய்த நாளில். தகரக் கூரைமேல் பட்டாணி கொட்டுகிற மாதிரி சத்தம். தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. அவள் கணப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தாள். அவர் ஜன்னலோரம் யாருடைய கோட்டுக்கோ லைனிங் வைப்பதற்காக ஊசியில் நூல் கோத்தார். கோத்தார் என்று சொல்ல முடியாது. நூல் நுனி ஊசியின் காதைத் தொட்டது, விலகியது, தொட்டது, விலகியது. ஏழு தரம். எச்சில் தொட்டு முறுக்கி இன்னொரு தரம். அப்புறம் ஊசியை மெத்தையில் குத்திவிட்டு, மழையைப் பார்க்கிறவர் போல முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். வலது கை தொடையோரம் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டு பின்னினாள். பார்த்துவிட்டேன் என்பது அவருக்குத் தெரியக் கூடாது. அந்த நிமிஷத்தில் அவளுக்கு அது ஒன்றுதான் தோன்றியது.

அதிலிருந்து வீட்டில் இரண்டு பேரும் நடிக்கத் தொடங்கினார்கள். அவர் தேநீரை முக்கால் கோப்பைதான் ஊற்றச் சொன்னார், கேட்டால் தூக்கம் கெடுகிறது என்றார். காஜா எடுக்கிற வேலை வந்தால் கண் சரியில்லை என்று திருப்பி அனுப்பினார். தெருமுனைக்குப் போவதானாலும் கழுத்துவரை பட்டன் போட்ட சட்டையில்தான் போவார். அப்படிப்பட்ட மனுஷன் அஞ்சு வாரமாகத் தலைவழியாக மாட்டுகிற பழைய பழுப்பு ஸ்வெட்டரையே போட்டுக்கொண்டு அலைந்தார். குளிர் என்றார். ஆமாம், இந்த வருஷம் குளிர் ஜாஸ்தி என்றாள் இவளும். எப்போதும் ஐம்பது சுற்றுக்கு ஒரு தடவை அவர் டேப்பைப் பிடித்து அகலம் பார்த்துச் சொல்வது வழக்கம். இந்தத் தடவை அவர் கேட்கவில்லை. டேப் பிடித்தால் கை தெரிந்துவிடுமே என்று இவளும் நீட்டவில்லை.

மருந்துக்கடை வைத்திருக்கிற தம்பியிடம் மட்டும் சொன்னாள். சொல்லும்போதே அழுகை வந்தது. கடையில் ஆள் இருந்ததால் இருமல் மருந்து வாங்க வந்தவள் போல முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"சும்மா இருக்கும்போது ஆடுதாக்கா, வேலை செய்யும்போது ஆடுதா?"

"பக்கத்துல உட்கார்ந்து எண்ணவாடா முடியும்?"

"டாக்டர் அதைத்தான் முதல்ல கேப்பாரு. சாதாரண நடுக்கமாவும் இருக்கலாம். மருந்துலயே அடங்கறதும் இருக்கு. பார்க்காம எதுவும் சொல்லக் கூடாது. வியாழக்கிழமை அஞ்சு மணிக்கு நரம்பு டாக்டர் வர்றாரு. மாசத்துக்கு ஒரே நாள்தான். மாமா பேரை எழுதிடறேன்."

"ஐயோ, எழுதாதே. கத்துவாரு."

"கத்தட்டும். கூட்டிட்டு வா. அடுத்த மாசம்னு தள்ளாதேக்கா."

எழுதியும் விட்டான். புதன்கிழமை வரைக்கும் அவள் அதைச் சொல்லவில்லை. வியாழக்கிழமை விடிந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். விடிந்ததும் அவர் அவித்த முட்டையை உடைத்து ரொட்டிமேல் போட்டுத் தின்றுவிட்டு, மேசையைத் துடைத்து, பெரிய கத்தரிக்கோலை எடுத்து வைத்தார். அவளுக்கு வாய் கட்டிக்கொண்டது.

"எடுத்துட்டு வா. தையல் ஓட்டிட்டு இன்னைக்கே வெட்டிடலாம்."

"நாளைக்கு வெட்டினா என்னங்க? இன்னிக்கு வெளிச்சம் சரியில்லையே."

"நாளைக்கு மட்டும் சூரியன் உனக்காகத் தனியா வருமா? காலர் இருக்கு, கை பூட்டணும், பட்டன் இருக்கு. சனிக்கிழமை பத்து மணிக்கு அந்தம்மா மேடையில நிக்கணும். கொண்டா."

கொண்டுவந்தாள். அவர் அதை மேசைமேல் விரித்து, ஒரு குழந்தையின் முதுகைத் தடவுகிற மாதிரி இரண்டு உள்ளங்கையாலும் நீவினார். பரப்பி அழுத்தும்போது கை ஆடவில்லை. அந்தத் தந்திரத்தை அவர் எத்தனை நாளாகப் பழகி வைத்திருக்கிறாரோ.

நீவிய கை மார்புப் பக்கம் வந்ததும் நின்றது.

"டேப் எங்க?"

"நான் அளந்துட்டேங்க."

"நீ அளந்தியா? என்னைக்கிலேர்ந்து நீ அளக்க ஆரம்பிச்ச?"

டேப்பின் நுனியைக் கட்டைவிரலால் மேசையோடு அழுத்திப் பிடித்து இழுத்தார். பத்தொன்பதே முக்கால். திரும்ப இழுத்தார். பத்தொன்பதே முக்கால்தான். இருபத்தொன்று இருக்க வேண்டும். முன்னும் பின்னுமாகச் சேர்த்து இரண்டரை அங்குலம் குறைகிறது. பெரிய டீச்சர் சன்னமான ஆளும் இல்லை.

"இருக்காதுங்க," என்றாள் அவள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. "இடுப்புல ஒடுக்கினேன். மேல போகப்போகக் கண்ணி கூட்டிட்டேதான் வந்தேன். எண்ணிக்கை சரியா இருக்குங்க. இப்பவே எண்ணிக் காட்டறேன்."

"எண்ணிக்கை சரியாத்தான் இருக்கும். உனக்கு அது தப்பாது."

உள்பக்கத்தை வெளியே திருப்பினார். கட்டம் போடும்போது முகப்பில் வேலை இல்லாத நூல் உள்பக்கமாக அடுத்த கட்டம்வரை சும்மா ஓடும். அந்த ஓட்டம் தளர்வாக இருக்க வேண்டும், இருந்தால்தான் உடம்புக்குத் துணி இளகிக் கொடுக்கும். அவர் கட்டைவிரலைக் கீழ் விளிம்பில் வைத்து மெல்ல மேலே கொண்டுபோனார். விரலுக்கடியில் நூல் படுத்துப் படுத்து எழுந்தது. இடுப்பு தாண்டியதும் ஒரு இடத்தில் விரல் தடுக்கியது. அதற்குமேல் நூலெல்லாம் கொடிக்கயிறு மாதிரி விறைத்துக் கிடந்தது. முகப்பில் கட்டங்கள் ஒழுங்காகத்தான் இருந்தன. உள்ளே பார்த்தால் பல்லைக் கடித்துக்கொண்டு பின்னியது தெரிந்தது. இடுப்பு ஒடுங்குகிற இடத்தை ஒட்டியே இறுகத் தொடங்கியதால் அவளுக்கு வித்தியாசம் பிடிபடாமலே போயிருக்கிறது.

"இதுவரைக்கும் உன் கை," என்றார். "இதுக்கு மேல பின்னினது யாரு?"

அவள் மேசைமேல் கிடந்த டேப்பைச் சுருட்டத் தொடங்கினாள்.

"இங்க புது உருண்டை சேர்த்திருக்க. சாம்பல் நூல்." நூல் முனைகள் இரண்டும் பின்னிக்கொண்ட அந்த இடத்தை அவர் விரலால் தொட்டுக்கொண்டே இருந்தார். "பரண்லேர்ந்து நான்தான் எடுத்துக் குடுத்தேன். வெளிய போக முடியாத நாளு. மேல..."

மேலே கூரையைப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். அன்றைய கல்மழைச் சத்தம் அவருக்கும் இப்போது கேட்டிருக்க வேண்டும். அவர் முகம் வெளுத்ததை அவள் பார்த்தாள். அவள் அஞ்சு வாரம் பாதுகாத்து வைத்ததெல்லாம் அந்த நூல் முனையிலிருந்து பிரிந்து மேசைமேல் கிடந்தது.

அந்த நேரம் பார்த்துக் கதவு தட்டப்பட்டது. கதவைத் தட்டுகிற விதத்திலேயே பள்ளிக்கூட மணி அடிக்கும், பெரிய டீச்சர்தான். குடையை வாசலில் உதறிவிட்டு உள்ளே வந்தார்.

"பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன். ரெண்டு நாளா தூக்கமே இல்லைம்மா. முப்பத்தஞ்சு வருஷம் பேசின வாய், சனிக்கிழமை என்ன பேசறதுன்னு தெரியல. ஜாக்கெட்டாவது நல்லா இருக்கட்டும்னு... அடடே, இன்னும் வெட்டவே இல்லையா?"

டெய்லர் கையிரண்டையும் ஸ்வெட்டருக்குக் கீழே கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "இன்னைக்கு வெட்டிடுவோம் டீச்சர்."

டீச்சர் கத்தரிக்கோலைப் பார்த்தார், பின்னலைப் பார்த்தார். "எப்படித்தான் மனசு வருதோ. நானா இருந்தா கை நடுங்கிடும். உங்களுக்கு நடுங்காதா?"

அடுப்பில் கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. தேநீர் ஊற்றட்டுமா என்று அவள் குறுக்கே புகுந்தாள்.

"பழகிப் போச்சு டீச்சர்," என்றார் டெய்லர்.

"அதானே. உங்க கைக்கு என்ன!" என்று சொல்லிவிட்டு, தேநீர் வேண்டாம், இன்னும் நாலு இடம் போக வேண்டும் என்று டீச்சர் கிளம்பிப் போனார். படியிறங்குகிற குடை நுனியின் சத்தம் தேய்ந்து மறைகிறவரை இரண்டு பேரும் அசையவில்லை.

அப்புறம் அவர் பைக்குள்ளிருந்து கைகளை எடுத்தார். மேசைக்கு மேலே, எதையும் தொடாமல், அவள் முன்னால் நீட்டினார். வலது கை ஆடியது. இடது கை கொஞ்சம் குறைவாக ஆடியது.

"பாரு. நல்லாப் பாரு. இனிமே திருட்டுத்தனமாப் பார்க்க வேண்டியதில்ல."

"ஏன் சொல்லல நீங்க?"

"நீ பார்த்தியே, நீ ஏன் சொல்லல?"

"நீங்க மறைக்கறீங்க, நான் எப்படிப் போட்டு உடைக்கறது?"

"நல்லா இருக்கு. உனக்காக நான் மறைச்சேன், எனக்காக நீ மறைச்ச. நடுவுல அந்தம்மா ஜாக்கெட் மாட்டிக்கிட்டு முழிக்குது."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அழுகைதான் முந்திக்கொண்டது. அவர் தடுக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவள் அழுது முடிக்கிறவரை அந்த விறைத்த நூலையே நீவிக்கொண்டிருந்தார்.

"தண்ணியில நனைச்சு இழுத்து வச்சா இளகாதாங்க?" என்று கேட்டாள் மூக்கை உறிஞ்சியபடி.

"உள்ள ஓடற நூலு விடாது. பிரிக்கறதுன்னா அஞ்சு வார வேலை. அதெல்லாம் வேணாம். கைக்கு வெட்டறோமில்ல ரெண்டு பக்கமும், அந்த வெட்டை அப்படியே இடுப்பு வரைக்கும் இறக்கிடுவோம். நீ நீலத்துல ஒத்தைக் கலர்ல ரெண்டு பட்டை பின்னு. கீழ கூரா, அக்குள்ள ஒண்ணேகால் அங்குலம். உள்ள வச்சு நான் தைக்கறேன். பார்க்கறவங்க வேணும்னே வச்ச டிசைன்னு சொல்லுவாங்க. அந்தம்மா கையைத் தூக்கிப் பேசறதுக்கும் வசதி."

ஐந்து நிமிஷத்தில் அவர் பழைய டெய்லராகிவிட்டார். சாக்கால் கோடு போட்டார். கோடு அலை அலையாகத்தான் வந்தது, அவள் அளவுகோலை அழுத்திப் பிடித்ததும் நேரானது. மிஷினில் உட்கார்ந்து உள்ளங்கையால் துணியை அமுக்கிக்கொண்டு, மிதியை மெதுவாக மிதித்து, கோட்டுக்கு இருபுறமும் தையல் ஓட்டினார். அதற்கே மதியம் மூன்று மணியாகிவிட்டது. உருளைக்கிழங்கை வேகவைத்து உப்புப் போட்டு வைத்திருந்தாள். இரண்டு பேரும் சாப்பிடவில்லை. அவள் கண் கடிகாரத்தையும் கத்தரியையும் மாறி மாறிப் பார்த்தது. அஞ்சு மணிக்கு டாக்டர். இதைச் சொன்னாலும் கத்துவார், சொல்லாவிட்டால் ஒரு மாசம் போய்விடும்.

அவர் கத்தரிக்கோலை எடுத்தார். அதன் நுனி மேசைப் பலகையில் டக், டக், டக் என்று தட்டியது. அவர் பல்லைக் கடித்துப் பிடித்தார். டக், டக். மெதுவாகக் கீழே வைத்தார். பிடி அவள் பக்கம் இருக்கும்படி திருப்பி வைத்தார்.

"நீ வெட்டு."

"நானா? தலையே போனாலும் மாட்டேன். எனக்கு அந்தச் சத்தம் கேட்டாலே ஆகாது."

"நான் வெட்டினா என்ன ஆகும்னு இப்பத்தான பார்த்த?"

"எனக்குப் பயமா இருக்குங்க."

"எனக்கு மட்டும்?" என்றார். சொல்லிவிட்டுக் கையை மடியில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டார். "துணி தைக்க வராமப் போயிடும்னு இல்ல. அது போனாப் போகட்டும். டாக்டர்கிட்ட போனா அவன் இதுக்கு ஒரு பேரு சொல்லிடுவான். இப்ப வெறும் கை ஆடுதுன்னு இருக்கு. பேரு வச்சுட்டா அது நம்ம வீட்டுலயே தங்கிடும்."

அவள் அவரைப் பார்த்தாள். இந்த மனுஷன் அஞ்சு வாரமாக இதைத் தனியாகத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறார் என்பது அப்போதுதான் முழுசாக உறைத்தது. சட்டென்று கோபம் வந்தது. கோபம் வந்ததில் தைரியமும் வந்தது.

"இன்னைக்கு அஞ்சு மணிக்கு நரம்பு டாக்டர் வர்றாரு. தம்பி உங்க பேரை எழுதி வச்சிருக்கான். நான்தான் சொன்னேன். கத்தறதா இருந்தா இப்பவே கத்திடுங்க."

அவர் கத்தவில்லை. அது அவளை இன்னும் பயமுறுத்தியது.

"நான் வெட்டினா வர்றீங்களா?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். மழை விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டுக் கூரையிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது.

"மூணையும் வெட்டணும்," என்றார்.

"மூணையும் வெட்டறேன்."

"பாதியில குழாயைத் திறக்க ஓடக் கூடாது."

அவருக்கு அதுவும் தெரிந்திருக்கிறது. அவள் கத்தரிக்கோலைக் கையில் எடுத்தாள். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது.

அவர் எதிரே உட்கார்ந்து தையலுக்கு இருபுறமும் உள்ளங்கையைப் பரப்பி அமுக்கிக்கொண்டார். "நுனியால கொத்தாத. வாயை நல்லாத் திறந்து உள்ள விடு. கீழ் பிளேடு பலகையை விட்டு எழும்பக் கூடாது. ம், கடி."

கடித்தது. கண்ணை மூடப் பார்த்தாள். "கண்ணைத் திற" என்றார். கண்ணி இரண்டு பக்கமும் விலகி நின்றது. ஓடவில்லை, அவிழவில்லை. தையலைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றது. காய்ந்த ரொட்டியை மெல்லுகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். இதற்கா இருபத்தாறு வருஷம் அத்தனை தண்ணீரைக் கொட்டினேன் என்று நினைத்துக்கொண்டாள். கழுத்துவரை வந்ததும் முன்பக்கம் இரண்டாகத் திறந்துகொண்டது. நாலு மாசமாகப் பையாக இருந்தது ஜாக்கெட் ஆனது.

பக்கவாட்டு வெட்டுதான் உயிரை வாங்கியது. தோளிலிருந்து அக்குள்வரை கூடுதல் கண்ணி உண்டு. அதற்குக் கீழே இடுப்புவரை போவது அசல் கட்டத்தின்மேல். அந்த இடம் வந்ததும் அவள் நின்றாள். அவர் அழுத்தியிருந்த கையை ஒரு அங்குலம் கீழே நகர்த்தி வழி காட்டினார். வெட்டினாள். இழுத்துக் கட்டியிருந்த சாம்பல் நூல்கள் ஒவ்வொன்றாக விடுபட்டுத் துள்ளின. புது உருண்டை சேர்த்த இடத்துக்கு வந்ததும் "போதும்" என்றார். அதற்குக் கீழே அவளுடைய பழைய கை, அங்கே வெட்ட வேண்டியதில்லை.

மூன்றாவதும் முடிந்தபோது மணி நாலேகால். ஜாக்கெட் மேசைமேல் மூன்று இடத்தில் வாய் திறந்து கிடந்தது. நாளைக்குப் பட்டை பின்னி வைத்தால், சனிக்கிழமை காலையில் பட்டனோடு சரியாகிவிடும். சரியாகாத ஒன்று இன்னும் பாக்கி இருக்கிறது என்று அவளுக்கு நினைவு வந்தது. கத்தரியைக் கீழே வைத்தாள்.

"ம், சரி," என்றார் அவர். எழுந்து உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவள் வெட்டு நூல்களைக் கூட்டி ஒரு கையில் அள்ளினாள். கூட்டி முடித்த பிறகும் கதவு திறக்கவில்லை. நாலு இருபது ஆயிற்று. வரமாட்டார், உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருப்பார், நான் போய்க் கூப்பிட்டால் சண்டைதான் வரும் என்று அவளுக்குத் தோன்றியது. தட்டலாமா என்று போனாள். தட்டவில்லை.

கதவு தானாகத் திறந்தது. அஞ்சு வாரத்துக்கப்புறம் வெள்ளைச் சட்டை. அவரே தைத்து, அவரே காஜா எடுத்தது. மேலிருந்து கீழ்வரை திறந்து கிடந்தது. ஒரு பட்டன்கூடப் போடவில்லை. கையிரண்டையும் தொங்கவிட்டுக்கொண்டு, அளவெடுக்க நிற்கிற ஆள் மாதிரி அவள் முன்னால் வந்து நின்றார்.

"போட்டு விடு," என்றார்.

அவள் கீழ்ப் பட்டனைப் பிடித்தாள். பட்டன் காஜாவுக்குள் போகவில்லை. இன்னொரு தரம் பார்த்தாள். அப்போதுதான் கவனித்தாள், கத்தரி பிடித்த விரல்கள் அஞ்சும் வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தன.

"சரியாப் போச்சு," என்றார் அவர். "உன் தம்பியை இன்னொரு பேரும் எழுதச் சொல்லு."

அவள் சிரித்துக்கொண்டே அழுதாள். பட்டன் நழுவியது, பிடித்தாள், மறுபடி நழுவியது. அவர் தன் கையைத் தூக்கி அவள் மணிக்கட்டின்மேல் வைத்து அழுத்திப் பிடித்தார். இரண்டு கையும் சேர்ந்து கொஞ்சம் ஆடி, பிறகு நின்றது.

"மெதுவாப் போடு," என்றார். "இன்னும் அரை மணி நேரம் இருக்கு."